பனி துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்: நுவரெலியாவில் ஒரு கறுப்பு 911

நுவரெலியாவில் வருஷத்தில் பாதி நாள் ஒரு காரில் ஸ்வேர்ல் மார்க், அதாவது துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல் வலை, இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மேகமும் மூடுபனியும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பிவிடும், அந்த வெளிச்சத்தில் எவ்வளவு கீறல் விழுந்த பெயின்ட்டும் நல்லதாகத்தான் தெரியும். ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளுத்து வெயில் நேராக பொனட்டில் அடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். கார் பெயின்ட்டில் கீறல் எடுத்துப் பொலிஷ் போடுவது என் தொழில், இந்த வேலைக்கான ஃபோனும் அப்படி ஒரு பெப்ரவரிக் காலையில்தான் வந்தது. "தம்பி, யாரோ கம்பிப் பஞ்சு போட்டுத் தேச்சிட்டாங்க போல இருக்கு, பொனட் முழுக்கச் சிலந்தி வலை" என்றார் கார்க்காரர்.

கார் போர்ஷ் 911, 997 வகை, கரேரா எஸ், 2006 மொடல், கறுப்பு. மெட்டாலிக் துகள் எதுவும் இல்லாத வெறும் கறுப்பு. கீறல் மறைய அதில் இடமே கிடையாது, அதனால் இந்த வேலையில் இதைவிடக் கஷ்டமான நிறம் இல்லை என்பேன். உரிமையாளர் ஹோட்டல் நடத்துகிறவர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கார் முதலில் கொழும்பில் வேறொருவரிடம் இருந்தது. இவரிடம் வந்த பிறகு நுவரெலியா பங்களாவின் திறந்த போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. ஏப்ரல் சீசனில் அதிகம் ஓடும், மஹகஸ்தொட்ட, ரதெல்ல மலையேற்றப் பந்தயங்கள் பார்க்கப் போகும், மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று.

யாரும் கம்பிப் பஞ்சு போடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கீறலைப் பார்த்ததும் எல்லாருக்கும் வருகிற சந்தேகம் அதுதான், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேல் பழி போகும். வெயிலைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அந்தக் கீறல்களில் பெரும்பாலானவை வட்டமானவை இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கிற மிக மெல்லிய நேர்க்கீறல்கள். வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல் மட்டும்தான் ஒளியை நம் கண் பக்கம் திருப்பும், மற்றவை இருட்டாகிவிடும், அதனால் எங்கே நின்று பார்த்தாலும் விளக்கைச் சுற்றி வளையம் போட்ட மாதிரித் தெரியும். நீங்கள் ஒரு அடி நகர்ந்தால் வளையமும் கூட நகரும். கையில் ஒரு டோர்ச் இருந்தால் இரவில் வீட்டு வாசலிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

காரை ஹட்டனில் நான் வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துவரச் சொல்லுமுன் நானே விடியற்காலையில் பங்களாவுக்குப் போனேன். கீறல் எப்படி விழுகிறது என்று தெரியாமல் மெஷினைத் தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை, எடுத்த கீறல் ஆறு மாதத்தில் திரும்ப வந்தால் நான் தேய்த்து எடுத்த பெயின்ட் அத்தனையும் வீண்.

போன நேரம் நல்ல நேரம். வாட்சர் மாமா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இராத்திரி பெய்த பனி கார் முழுக்க முத்து முத்தாக நிற்கிறது, அவர் ஒரு பழைய குளியல் துவாயை நாலாக மடித்து, வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொனட்டின் நடுவில் வைத்துத் தன் பக்கமாக இழுக்கிறார். சுத்தமான ஆள், அந்தக் காரின் மேல் அவருக்கு இருக்கிற அக்கறை உரிமையாளருக்குக்கூட இருக்குமா தெரியாது. "தெனமும் பனியத் தொடைக்காம நா டீ கூடக் குடிக்கிறதில்ல தம்பி" என்றார். துவாயை வாங்கிப் பார்த்தேன். மடிப்பின் ஓரம் செங்கல் நிறத்தில் இருந்தது. என்னிடம் இருந்த வெள்ளை மைக்ரோஃபைபர் துணியை இன்னும் துடைக்காத இடது மட்காட்டின் மேல், அழுத்தாமல், ஒரு சாண் தூரம் இழுத்தேன். துணியில் அதே செங்கல் நிறக் கோடு.

இதுதான் மலையகத்துக்கே உரிய விஷயம். பகலில் வீதியோரத்துச் செம்மண் தூசி காரில் படிகிறது. இராத்திரி அதன் மேல் பனி இறங்குகிறது. காலையில் பார்க்கிறவனுக்குத் தண்ணீர்தான் தெரியும், தூசி தெரியாது. ஈரமாகத்தானே இருக்கிறது, கீறாது என்று நினைப்பு. ஆனால் பனித்துளி தூசியைக் கழுவிக்கொண்டு ஓடுவதில்லை, அதே இடத்தில் நனைத்து வைக்கிறது. செம்மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல், நிறத்துக்கு மேலே இருக்கும் தெளிவான படையான கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினமானது. துவாயில் ஒட்டிய அந்த மணலைத் தினமும் காலையில் கார் முழுக்க இழுத்திருக்கிறார்.

அதற்குச் சாட்சியும் காரிலேயே இருந்தது. கூரையில் இரண்டு பக்கமும் கதவோரத்திலிருந்து உள்ளே வரும் வரைக்கும் கீறல் நெருக்கமாக இருந்தது, நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை மட்டும் கிட்டத்தட்டப் புதுசு மாதிரி. மாமா கொஞ்சம் குள்ளம். வலது பக்கம் நின்று எட்டினாலும் இடது பக்கம் நின்று எட்டினாலும் கை அங்கே போய்ச் சேராது. 911-இன் கூரை ஒன்றும் உயரமில்லை, ஆனாலும் காரில் உடம்பு படக்கூடாது என்று அவர் தள்ளி நின்றே துடைப்பார். அந்தக் கீறாத பட்டையைப் பிறகு வேலை முழுக்க அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மற்ற இடமெல்லாம் இதற்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்த்தால் போதும்.

அளந்து பார்த்தது

இந்த நாட்டில் இந்த மாதிரிக் காரை ஏன் இவ்வளவு பயந்து தொடவேண்டும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் பெரிய வரியோடு. இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் இருக்கிற கார்கள். இதே வயதில், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கிற 911 ஒன்று வந்தால் அந்தப் பெயின்ட்டுக்கே தனி மதிப்பு உண்டு. திரும்ப அடிக்கலாம், நல்ல பெயின்டர் பாஸ்மாரும் இருக்கிறார்கள், ஆனால் தொழிற்சாலைப் பெயின்ட் திரும்ப வராது.

பெயின்ட் அளக்கிற கேஜ் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வேறு வேறு முறையில் வேலை செய்யும், இரும்புக்குக் காந்தத் தூண்டல், அலுமினியத்துக்குச் சுழிப்பு மின்னோட்டம். 997-இல் முன் பொனட் அலுமினியம், இரும்பை மட்டும் அளக்கும் மலிவான கேஜை வைத்தால் அங்கே ஒன்றும் காட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அதற்கு இரண்டு முறையும் சரிவராது, அல்ட்ராசொனிக் கருவிதான் வேண்டும், அது என்னிடம் இல்லை. அதனால் பம்பர்களை அளக்காத பேனலாகவே நடத்தினேன், என்றால் தேவைக்கு மேல் தொடவில்லை.

கூரை, இடது கதவு, பின் மட்காட்டுகள் எல்லாம் 105-க்கும் 130 மைக்ரோனுக்கும் இடையில் வந்தன. ஒரு தலைமயிர் சுமார் 70 மைக்ரோன். வலது கதவு 290 முதல் 340 வரை காட்டியது, யாரோ ஒருகாலத்தில் திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பள்ளம் நிரப்பும் பட்டி போட்டிருந்தால் இன்னும் மேலே போயிருக்கும். கவலைப்பட வைத்தது பொனட். நடுவில் 115 சுமார், மூக்குப் பக்க விளிம்பை நோக்கி வர வர இறங்கி, ஹெட்லைட்டுக்கு இடையிலான வளைவில் 82, 85, 84.

இந்த எண் கிளியர் கோட்டின் எண் இல்லை, அடியிலிருந்து மேல்வரை எல்லாப் படையும் சேர்ந்த மொத்தம். துருத்தடுப்புப் படை, பிரைமர், கறுப்பு நிறப் படை, அப்புறம்தான் கிளியர். நல்ல நிலையில் உள்ள காரில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரோன் இருக்கும். மற்றவை கழித்தால் அந்த மூக்கு வளைவில் கிளியர் 15, 20-க்கு மேல் தேறாது என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. வெயிலைத் தாங்கும் வேலையும் இந்தக் கிளியர் படையுடையதுதான், மெலிந்தால் நாலைந்து வருஷத்தில் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

விளிம்பு எப்படி மெலிந்தது என்று பின்னால் இருக்கும் எஞ்சின் மூடி சொல்லிக் கொடுத்தது. ஐசோபுரொபைல் அல்கஹோலைத் தண்ணீரில் கலந்து மூடியைத் துடைத்ததும் அதுவரை இல்லாத ஒரு காட்சி வந்தது, டோர்ச்சை ஆட்டினால் கூடவே வளைந்து ஓடுகிற நிழல் பட்டைகள். ஹொலோகிராம் என்பார்கள். வெறும் சுழற்சி மட்டுமுள்ள ரொட்டரி மெஷினில் கம்பளிப் பேட் போட்டு, கனமான கொம்பவுண்டால் வெட்டி, மெல்லிய பொலிஷால் முடிக்காமல் விட்டால் வருவது. அதை மறைக்க எண்ணெய்ப்பசை உள்ள கிளேஸ் பூசிவிட்டிருக்கிறார்கள், கீறலுக்குள் போய் நிரப்பிக்கொள்ளும், டெலிவரி எடுக்கும் நாளில் கண்ணாடி மாதிரி இருக்கும். கொழும்பில் இருந்த காலத்தில் எங்கோ செய்த கட் அண்ட் பொலிஷ் அது. செய்தவர் விளிம்புகளுக்கு டேப் ஒட்டாமல் ரொட்டரியை ஓட்டியிருக்கிறார். விளிம்பிலும் மடிப்பிலும் பேட்டின் முழு அழுத்தமும் ஒரு நூலளவு இடத்தில் விழும், பெயின்ட்டும் அங்கேதான் இயல்பாகவே மெல்லியது.

அதனால் மெஷின் எடுக்கும் முன்பே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பொனட்டில் வலது பக்கம் ஒரு நீளக் கீறல் இருந்தது, நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும். மூக்கு வளைவில் இன்னும் இரண்டு. "அண்ணே, நகம் பிடிக்கிற கீறல்ல நா கை வைக்க மாட்டேன். அத எடுக்கணும்னா சுத்தி உள்ள பெயின்ட் எல்லாத்தையும் அதோட ஆழத்துக்கு இறக்கணும். அவ்வளவு அங்க இல்ல." அவருக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுக்கிறேன், நூற்றுக்கு நூறு வேண்டும் என்றார். கேஜைக் காரின் மேல் வைத்து நடுவிலிருந்து மூக்குவரை அவர் கையாலேயே நகர்த்தச் சொன்னேன். 114, 110, 98, 91, 84. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கழுவியது

கார் நானுஓயா, தலவாக்கலை வழியாக ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. கழுவுவதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, பொறுமைதான். முதலில் தொடாமல் தண்ணீர் அடித்தல், நுரை போட்டு ஊறவிடுதல், திரும்ப அடித்தல், இந்த மூன்றும் முடியும்வரை கையில் துணியே எடுக்கக்கூடாது. பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷம்பு, மற்றதில் வெறும் தண்ணீர், கழுவும் கையுறையான வொஷ் மிட்டைத் தண்ணீர் வாளியில் அலசாமல் ஷம்பு வாளிக்குள் விடக்கூடாது. மேலிருந்து கீழே.

இரும்புத்தூள் கரைக்கும் மருந்தை அடித்தபோது பின் பம்பரும் பின் மட்காட்டின் கீழ்ப்பாதியும் ஊதா நிறமாக வழிந்தன. அந்த மருந்து இரும்போடு சேர்ந்தால் ஊதாவாக மாறும். கொழும்புக் காரில் இவ்வளவு பார்த்ததில்லை. இறக்கம்தான் காரணம், நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறவர்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைத்துத்தான் இறங்குவார்கள், டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் சூடாகப் பறக்கிற இரும்புத்தூள் பெயின்ட்டில் போய்ப் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கும். கை வைத்தால் உப்புத்தாள் மாதிரிச் சுரசுரவென்று இருக்கும். இதை எடுக்காமல் பொலிஷ் செய்தால் அந்தத் துகள் பேட்டில் மாட்டிப் புதுக் கீறல் போடும். மருந்துக்குப் பிறகும் மிஞ்சியதை, பெயின்ட் சுத்தம் செய்யவென்றே உள்ள களிமண் கட்டியால் எடுத்தேன், நிறையச் ஷம்புத் தண்ணீரோடு, அழுத்தாமல்.

997-இல் பின் ஸ்பொய்லரைத் தூக்க உள்ளே ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கித் தூக்கிக் கழுவுங்கள். இந்தக் காரில் அதற்கு அடியில் சவுக்கு இலைச் சருகும் கரி மாதிரி ஒரு சேறும் ஒரு விரல் தடிப்புக்கு இருந்தது, மழைத் தண்ணீர் போகிற வழியையே அடைத்திருந்தது.

குளிர்

பொலிஷ் போத்தல்களில் எழுதியிருக்கிற நேரமும் வேகமும் நம் ஊர்க் குளிருக்கு எழுதியவை இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டன் அதைவிடத் தாழ்வு, ஆனாலும் காலையில் பேனலைத் தொட்டால் விரல் சில்லிடும். பொலிஷில் உள்ள எண்ணெய் அந்தக் குளிரில் இளகாது, பேட்டும் விறைப்பாக இருக்கும், தூள் தூளாக உதிரும், வெட்டும் சீராக வராது. இன்னொன்று, வெளியே நின்று குளிர்ந்த காரைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே பேனலில் ஈரம் படியும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக்கூட. அதன் மேல் பொலிஷ் போட்டால் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. நான் காரை முதல் நாள் மாலையே உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, காலையில் வேலை செய்யப்போகிற பேனலுக்கு மட்டும் விளக்குச் சூடு காட்டி, வெப்பமானியில் 18, 20 பாகை வந்த பிறகுதான் தொடங்குவேன். கொழும்பில் பிரச்சினை இதற்கு எதிர், அங்கே பேனல் சூடாகி பொலிஷ் காய்ந்துவிடும், அங்கே வேலை பழகிய பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டி இருக்கிறது.

அறையை இருட்டாக்கி ஒற்றை எல்.இ.டி. விளக்கு வைத்தேன். மேற்கூரையில் டியூப் லைட் எரிந்தால் நம் மூடுபனி செய்கிற வேலையையே அதுவும் செய்யும், கீறலை ஒளித்துவிடும்.

தேய்த்தது

இடது கதவில் ஓரடிச் சதுரங்களாக மூன்று இடத்தில் பரீட்சை வைத்தேன். எப்போதும் மென்மையானதிலிருந்து தொடங்கவேண்டும். முதலாவது, மென்மையான கறுப்பு ஃபோம் பேட், மெல்லிய பொலிஷ். மினுக்கம் கூடியது, கீறல் அப்படியே நின்றது. இரண்டாவது, நடுத்தரமான ஃபோம் பேட், நடுத்தரப் பொலிஷ். வலை போய்விட்டது, தனித்தனியாகச் சில ஆழக் கீறல் மட்டும் மிஞ்சியது, கேஜில் வித்தியாசம் ஒரு மைக்ரோன், அதாவது கேஜின் பிழைக்குள்ளேயே. மூன்றாவது, மைக்ரோஃபைபர் பேட், கனமான கொம்பவுண்ட். அந்தத் தனிக் கீறலிலும் பாதி போனது, ஆனால் மேலே ஒரு மங்கல் படிந்தது, அதை எடுக்க இன்னொரு சுற்று வேண்டும், கேஜ் மூன்று மைக்ரோன் இறங்கியிருந்தது.

மூன்றாவதுதான் ஃபோட்டோவுக்கு அழகு. நான் இரண்டாவதை எடுத்தேன். 40 மைக்ரோன் கிளியரில் மூன்று போவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். இந்தக் கார் இன்னும் இருபது வருஷம் ஓடவேண்டிய கார், இதற்குப் பிறகும் யாராவது இரண்டு மூன்று தடவை பொலிஷ் போடத்தான் போகிறார்கள், அவர்களுக்கும் மிச்சம் வைக்கவேண்டும். வலை போனால் கறுப்பு ஆழமாகத் தெரியும், தனியாகக் கிடக்கும் ஒரு கீறலை இரண்டடி தள்ளி நிற்பவர் பார்க்கப் போவதில்லை.

மெஷின் 15 மில்லிமீற்றர் வீச்சுள்ள இரட்டை அசைவு மெஷின். பேட் சுழன்றுகொண்டே ஆடும், ஒரே இடத்தில் சூடு தேங்காது, ஹொலோகிராமும் போடாது. வேகம் நாலு, நாலரை. இரண்டு கையகலச் சதுரமாக எடுத்து, நெடுக்கும் குறுக்கும் ஐந்தாறு தடவை, கையை மெதுவாக நகர்த்தி. அவசரமாக நகர்த்துவதுதான் புதுசாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்வது, அப்போது பொலிஷ் பரவும், வெட்டாது. பேட்டின் முதுகில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், வளைவுகளில் அழுத்தம் கூடினால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும்தான் நடக்கும். 911-இல் கதவு முடிந்து பின் மட்காட் புடைக்கத் தொடங்கும் இடத்தில் அப்படித்தான் ஆனது, அங்கே பெரிய பேட்டை எடுத்துவிட்டு மூன்று அங்குலப் பேட் போட்டேன். அதே இடத்தில், பின் சக்கரத்துக்கு முன்னால், கல் தெறிக்காமலிருக்கத் தொழிற்சாலையிலேயே ஒட்டிய ஒரு தெளிவான ஸ்டிக்கர் இருக்கும், அதன் விளிம்பில் பேட் மாட்டினால் கிளப்பிவிடும். டேப் ஒட்டவேண்டிய முதல் இடம் அது.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும். வெறும் கறுப்பில் இதில் சமரசமே கிடையாது, பேட்டில் தேங்கிய பழைய கிளியர்த் தூள் அடுத்த சதுரத்தைக் கீறும். பிறகு அல்கஹோல் துடைப்பு, பிறகு டோர்ச். அல்கஹோல் போடாமல் பார்க்கிற பார்வை பொய்ப் பார்வை, பொலிஷின் எண்ணெயே பாதிக் கீறலை மறைத்திருக்கும்.

கூரைக்கு நடுப்பட்டையைத் தொடவே இல்லை, இரண்டு பக்கத்தையும் அதனோடு ஒத்துப்போகும்வரை கொண்டுவந்து நிறுத்தினேன்.

வலது கதவு வேறு மாதிரி நடந்துகொண்டது. திரும்ப அடித்த பெயின்ட் மென்மையாக இருந்தது, இடது கதவில் சுத்தமாக முடித்த அதே பேட், அதே பொலிஷ், இங்கே பேட்டின் அசைவையே மெல்லிய கீறலாகப் பதித்தது. கறுப்பு ஃபோம் பேட்டால் அழுத்தமில்லாமல் இன்னொரு சுற்று முடிக்கவேண்டி வந்தது. அந்தக் கதவில் ஆரஞ்சுத்தோல் மாதிரி மேடு பள்ளமும் மற்றப் பேனலைவிடக் கொஞ்சம் கூட. தடிப்பு இருக்கிறதே, 2000 நம்பர் உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்திவிடலாமே என்று என் உதவியாளர் கேட்டான். செய்யலாம். ஆனால் பக்கத்தில் உள்ள மட்காட்டில் தொழிற்சாலையின் இயல்பான மேடு பள்ளம் இருக்கிறது, கதவை மட்டும் கண்ணாடியாக்கினால் இரண்டும் வேறு வேறு கார் மாதிரித் தெரியும். விட்டுவிட்டோம்.

எஞ்சின் மூடியின் ஹொலோகிராம் இரண்டாவது முறையிலேயே சுலபமாகப் போனது, பார்க்கத்தான் பயங்கரம், ஆழம் கிடையாது. பறவை எச்சம் இருந்த ஒரு இடம் மட்டும் நிழலாக நின்றது. எச்சத்தின் அமிலமும் எஞ்சின் சூடும் சேர்ந்தால் பெயின்ட் அங்கே சுருங்கிப் பள்ளமாகிவிடும், 911-க்கு எஞ்சின் பின்னால் என்பதால் இந்த மூடியில் விழும் எச்சத்துக்கு மட்டும் ஒருநாள் தவணைகூடக் கொடுக்காதீர்கள். முன் பம்பரில் கல்லடிப் புள்ளிகள் ஏராளம், அது பொலிஷ் விஷயமே இல்லை, துருப்பிடிக்காத பிளாஸ்டிக் என்பதால் அவசரமும் இல்லை. பிளாஸ்டிக் சூட்டை வெளியே கடத்தாது, மெஷின் நின்ற இடத்திலேயே சூடு ஏறும், அதனால் அங்கே வேகத்தைக் குறைத்து ஒரே ஒரு சுற்றோடு நிறுத்தினேன்.

மூக்கு வளைவை மெஷினாலேயே தொடவில்லை. கையால், மெல்லிய பொலிஷ், மென்மையான பேட். வலை கொஞ்சம் மங்கியது, போகவில்லை. கேஜ் அதே 84.

பூச்சு

அண்ணன் ஒரு செரமிக் கோட்டிங் டப்பாவைத் தானே வாங்கி வந்திருந்தார், மேலே 9எச் என்று பெரிதாக எழுதியிருந்தது, இனிக் கீறலே விழாது என்ற நம்பிக்கையோடு. அந்த 9எச் பென்சில் சோதனையின் எண். 6பி-யிலிருந்து 9எச் வரை பென்சில்களைப் பூச்சின் மேல் அழுத்தி இழுத்து எது கீறுகிறது என்று பார்ப்பது. வைரத்தைப் பத்து என்று வைக்கிற கனிமக் கடினத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செம்மண்ணில் உள்ள மணலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செரமிக் நல்ல பொருள்தான், தண்ணீரும் தூசியும் ஒட்டாமல் கழுவச் சுலபமாக்கும், எச்சத்துக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அதற்காகவே போட்டேன். நம் குளிரிலும் ஈரப்பதத்திலும் அது காய்கிற நேரம் டப்பாவில் உள்ளதோடு ஒத்துவராது. வானவில் நிறம் தெரியத் தொடங்கும் வரை விளக்கின் கீழ்ப் பார்த்துத்தான் துடைக்கவேண்டும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல. காரை அன்றிரவு வெளியே விடவில்லை, புதுப் பூச்சின் மேல் பனி இறங்கினால் துளித் துளியாகத் தழும்பு விழும்.

காரைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட அன்று முக்கியமான பேச்சு வாட்சர் மாமாவோடுதான். பனியைத் துடைக்கவே வேண்டாம், ஒன்பது மணி வெயிலில் தானாகக் காயும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நா எதுக்கு தம்பி இங்க?" அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அண்ணனிடம் சொல்லி, தோட்டத்து இலை ஊதும் சிறிய புளோவர் ஒன்று வாங்க வைத்தோம். காலையில் கார் வெளியே போகிற நாளில் முதலில் குழாய்த் தண்ணீரை நன்றாக ஓடவிட்டு மண்ணை இறக்கவேண்டும், பிறகு புளோவரால் ஊதவேண்டும், மிஞ்சிய துளிக்குப் பெரிய மைக்ரோஃபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுக்கவேண்டும், இழுக்கக்கூடாது. போகாத நாளில் காரைத் தொடவேண்டாம், சக்கரத்தைக் கழுவுங்கள். காருக்கு உறை போடலாமா என்றும் கேட்டார். திறந்த போர்ட்டிகோவில் காற்றுக்கு உறை ஆடும், உள்ளே மாட்டிய தூசியோடு சேர்ந்து அதுவும் தேய்க்கும், வேண்டாம் என்றேன். பழைய குளியல் துவாயை நான் எடுத்துவந்துவிட்டேன்.

சீசன் முடிந்து மே மாத ஆரம்பத்தில், மழை பிடிக்குமுன், காரைப் போய்ப் பார்த்தேன். கூரையின் பக்கங்களுக்கும் நடுப்பட்டைக்கும் டோர்ச்சில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வலது கதவில் புதிதாக நாலைந்து மயிர்க் கீறல், மென்மையான பெயின்ட் அல்லவா, அது எதிர்பார்த்ததுதான். மாமாதான் இன்னொன்றைக் காட்டினார். "இத பாருங்க தம்பி, இது நா செஞ்சதில்ல." வலது முன் மட்காட்டில், பெற்றோல் மூடிக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு கொத்துக் கீறல். 911-க்கு மூடி முன்னால் இருக்கிறது, பெற்றோல் அடிக்கிற இடத்தில் ஹோஸை மட்காட்டின் மேலேயே சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள், ரப்பரில் ஒட்டிய மண் உரசியிருக்கிறது. அந்தக் கையகல இடத்துக்கு மட்டும் ஒரு துண்டுப் பாதுகாப்பு ஃபில்ம் வெட்டி ஒட்டினேன், அங்கே 118 இருந்ததால் அதற்குமுன் ஒரு சுற்றுப் பொலிஷும் போட முடிந்தது. மூக்கு வளைவுக்கும் பம்பருக்கும் முழு ஃபில்ம் ஒட்டவேண்டும். பம்பருக்குப் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் அது சரிவரும், தென்மேற்கு மழை முடியும்வரை நம் பக்கத்தில் யாரையும் பெயின்ட் அடிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, செப்டெம்பருக்குப் பிறகு பார்க்கலாம் என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.